இருவருக்கும் எழுதிய மாத்திரை

குவைத்தில் ரொட்டி அடுப்பின் முன்னால் நாலு வருஷம் நின்றுவிட்டு இரண்டாவது தடவையாக விடுப்பில் ஊருக்கு வந்திருந்தான் தணிகைவேல். 1999, ஆடி மாசம். ஊர் சித்தூருக்குத் தெற்கே, வேலூர் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்தது. அவன் அப்பன் உயிரோடு இருந்த வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கூலிக்குப் போனவர்கள். இப்போது கிணற்றோடு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருந்தது. மொட்டைமாடி போட்ட வீடு இருந்தது. குழந்தை மட்டும் இல்லை.

அவனுக்கும் தேவசேனாவுக்கும் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் நாராயணவனம் பக்கத்துப் பெண். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது முதல் விடுப்பில் ஐம்பது நாள். இந்த விடுப்பு நாற்பது நாள். இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கணக்கு.

வீட்டை நடத்தியது அவன் அக்கா செங்கம்மா. தணிகைவேலுக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா செத்துப்போனாள். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு பிசைந்து போட்டவள் அக்காதான். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டவள். தம்பி பிள்ளையைத் தூக்கி வளர்க்க வேண்டும் என்பது அவளுக்கு ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது, அது அவளுக்குச் சேரவேண்டிய பங்கு மாதிரி. அதனால் தம்பி வெளிநாட்டில் இருந்தபோது தேவசேனாவைச் சித்தூருக்கு இழுத்துக்கொண்டு அலைந்தாள். இரண்டு ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு தடவை கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள், மூன்று மாசம் ஊசி போட்டார்கள். கடைசியில் அந்த டாக்டரம்மாவே அலுத்துப்போய், "ஆம்பளைக்கு டெஸ்ட் எடுக்காம இந்தப் பொண்ண இனிமே கூட்டிக்கினு வராதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

செங்கம்மாவுக்கு அது பெரிய அவமானம். இந்த விடுப்பில் தம்பி வந்து இறங்கியதும், "எங்க தம்பிக்கு இன்னா கொற? அடுப்பு முன்னாடி பன்னெண்டு மணி நேரம் நிக்கறவன். போய் எடுத்துக்கினு வந்து அந்தம்மா மூஞ்சில காட்டு" என்றாள்.

மறுநாள் தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது தேவசேனா பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, சித்தூர் வேணாம். தெரிஞ்ச மூஞ்சிங்க இருக்கும். திருப்பதியில ஒரு டாக்டர் கீறாராம். நானும் வரேன்."

"வேணாம். ஒண்டியாவே போய்ட்டு வரேன்."

அவள் வற்புறுத்தவில்லை. அவனுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது அது வெறும் கூச்சம்தான்.

*

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் மாடியில் இருந்தது டாக்டர் நாகபூஷணத்தின் ஆஸ்பத்திரி. நாலு அறை, ஒரு லேப். காலையில் விந்து சாம்பிள் டப்பாவைக் கொடுத்தவன் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் பெண்கள். ஆண்கள் இருந்தார்கள், ஆனால் எல்லோரும் பெண்டாட்டியைக் கொண்டுவந்து விட வந்தவர்கள் மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் அவனை அறைக்குள் கூப்பிடாமல் நேராக லேப்புக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். தெலுங்குக்காரர். வேலூரில் படித்ததால் தமிழும் வரும்.

"இதுல பாரு பாபு," என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

வெளிச்ச வட்டத்துக்குள் உருண்டை உருண்டையாக என்னவோ கூட்டமாகக் கிடந்தது. நடுவில் வால் வைத்த சின்னச் சின்ன உருவங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சில நடுங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றன. பல அசையவே இல்லை.

"வால் இருக்கறது உன்னுது. கம்மியா கீது, ஓடவும் மாட்டேங்குது. உருண்டையா கீதே, அது இங்க இவ்ளோ இருக்கக்கூடாது. அது ரத்தத்துல இருக்கற வெள்ளை அணு. உள்ள எங்கயோ ஆறாத புண்ணு கீது, வீக்கம் கீது. அத்த ஆத்தறதுக்குத்தான் இதுங்க வந்திருக்கு."

"எனக்கு வலி ஒண்ணும் இல்லியே சார்."

"வலி இருந்தா எப்பவோ டாக்டர் கிட்ட போயிருப்பியே. இது சத்தம் போடாத புண்ணு." அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த வெள்ளை அணு கிருமிய எரிக்கறதுக்கு ஒருவித ஆக்ஸிஜனை வெளிய விடும். நாம மூச்சு விடற அதே ஆக்ஸிஜன்தான், ஆனா இது கொதிக்கற ஆக்ஸிஜன். கிருமி மட்டுமா எரியும்? பக்கத்துல இருக்கறதெல்லாம் எரியும். விந்தணுவுக்கு மேல்தோலே கொழுப்பு. ஊட்டுல எண்ணெய வெயில்ல தெறந்து வெச்சா இன்னா ஆவுது?"

"காறிப்போவும் சார்."

"அதே. இதுவும் காறிப்போவுது. தோலு கெட்டா ஓட முடியாது, உள்ள இருக்கற விதையும் ஒடையும். நீ சிகரெட் எத்தன குடிக்கறே?"

"ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டு."

"இன்னா வேலை?"

சொன்னான். தரையில் புதைத்த மண் அடுப்பு. குனிந்து உள்ளே கையை விட்டு மாவைச் சுவரில் அப்ப வேண்டும். இடுப்புக்கு நேராகத் தீ.

டாக்டர், "விதைப்பையை ஆண்டவன் உடம்புக்கு வெளிய தொங்கவிட்டது எதுக்குன்னு நெனச்சே? சூடு ஆவாது அதுக்கு. நீ சூடும் குடுத்து, பொகையும் குடுத்து, உள்ள புண்ணையும் வெச்சிக்கினு கீறே" என்றார். அதை அவர் திட்டுவது போலச் சொல்லவில்லை. "கல்யாணத்துக்கு முன்னால வேற எங்கயாவது போனியா?"

"இல்ல சார்."

பம்பாய். தொண்ணூற்றைந்து. விசாவுக்காக ஏஜெண்டின் லாட்ஜில் நாற்பது நாள் அடைந்து கிடந்தார்கள். குப்பத்துக்காரன் கிருஷ்ணப்பாதான், நாளைக்குப் போய்விடுவோம், அங்கே என்ன இருக்கிறதோ என்று ஒரு சாயங்காலம் கூட்டிப் போனான். இரண்டு வாரம் கழித்துக் குவைத்தில் மூத்திரம் போகும்போது எரிந்தது. பார்லித் தண்ணீர் குடித்தான். எரிச்சல் நின்றது. நின்றுவிட்டது என்றுதான் இந்த நாலு வருஷமும் இருந்தான்.

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "பயப்படாத. இது தீராத வியாதி இல்ல, தீர்ற வியாதி. மூணு வாரம் மாத்திரை. சிகரெட்ட விடணும், அடுப்ப விட்டு வேற வேலைக்குப் போவணும். புது அணு வளர்றதுக்கு மூணு மாசம் ஆவும். அதுக்கப்புறம் மறுபடி டெஸ்ட். ஆனா முக்கியமா ஒண்ணு. மாத்திரை ரெண்டு பேருக்கும் எழுதறேன். அவங்களும் அதே நாள்ல ஆரம்பிக்கணும். அவங்களுக்கு இப்ப ஒண்ணும் தெரியாம இருக்கலாம். பொம்பளைங்களுக்கு இது உள்ளயே ஏறிப்போய் கர்ப்பக்குழாயில உக்காந்துக்கும். அப்புறம் நாம ஒண்ணும் பண்ண முடியாது. அர்த்தமாயிந்தா?"

"ஆங் சார்."

மாடிப்படி இறங்கும்போது அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தீர்ற வியாதி. மருந்துக் கடையில் சீட்டை நீட்டியபோதுதான் மற்றது உறைத்தது. மாத்திரையை அவள் கையில் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். படிக்கத் தெரிந்தவள். சித்தூர் டாக்டரம்மாவிடம் காட்டுவாள். இது எப்படி வரும் என்று அந்த அம்மா சொல்லிவிடுவாள்.

கடைக்காரன் தெலுங்கில் கேட்டான், இரண்டு பேருக்குமா என்று.

"ஒருத்தருக்குப் போதும்," என்றான் தணிகைவேல்.

திரும்பி வருகிற வழியில், ரயில் பாகாலாவில் நின்றபோது டாக்டரின் சீட்டைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டான்.

வீட்டில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தேவசேனா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். செங்கம்மா வாசலிலேயே மறித்தாள். "இன்னா சொன்னாங்க?"

அவன் செருப்பைக் கழற்றினான். கால் கழுவினான். அதற்குள் உண்மை வாயில் வந்துவிடும் என்று அவனே எதிர்பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லியாம்," என்றான்.

உள்ளே துடுப்புச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

"எனக்குத் தெரியாதா," என்றாள் செங்கம்மா.

மாத்திரையை அவன் ஐந்து நாள் தின்றான். வயிற்றைப் புரட்டியது. மீதியைக் கிணற்றில் போட்டான். விடுப்பு முடிந்தது. அடுப்புக்குத் திரும்பினான்.

*

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு தேவசேனாவின் உடம்பு வீட்டாருக்குப் பொதுச் சொத்தாகிவிட்டது. குறை அவளிடம்தான் என்று டாக்டரே சொல்லாமல் சொல்லிவிட்ட மாதிரி. செங்கம்மா கெட்டவள் இல்லை. அடிக்க மாட்டாள், சோறு போடாமல் இருக்க மாட்டாள். வளைகாப்பு வீடுகளுக்குப் போகும்போது மட்டும், "நீ ஊட்டுலயே இருந்துக்க பொண்ணே, அங்க எதுக்கு" என்பாள். வேறு ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டுப் பார்த்தார்கள். ஒரு நாட்டு வைத்தியர் கொடுத்த பொடியைத் தின்று நாலு நாள் வாந்தி எடுத்தாள். இதெல்லாம் அவனுக்கு வாரா வாரம் போனில் வந்தது. ஊரில் எஸ்.டி.டி. பூத்துக்குச் செங்கம்மாதான் முதலில் வருவாள். கடைசி ஒரு நிமிஷம் தேவசேனாவுக்கு.

"நல்லா கீறீங்களா மாமா?"

"நல்லா கீறேன். நீ?"

"கீறேன்."

2001 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, தேவசேனா பூத்துக்கு வரவில்லை. "ஆஸ்பத்திரில சேத்திருக்குது," என்றாள் செங்கம்மா. "அடிவயித்துல வலின்னு ஒரு மாசமா சொல்லிக்கினு இருந்தா. சூட்டு வலின்னு வெந்தயம் குடுத்தேன். ஜொரம் நூத்தி நாலு போய்டுச்சி. கர்ப்பக்குழாயில சீழு கட்டிக்கிச்சாம். ஒன்பது நாளா ஊசி. இன்னா ஒடம்போ தணிகை, எத்தயும் தாங்காத ஒடம்பு."

அவன் ரிசீவரைப் பிடித்தபடி நின்றான். பின்னால் வரிசையில் நின்ற மலையாளி தோளைத் தட்டினான். டாக்டர் சொன்ன வார்த்தை வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது. உள்ளயே ஏறிப்போய் உக்காந்துக்கும்.

அன்றைக்கு அறைக்கு வந்து கிருஷ்ணப்பாவிடம் கேட்டான், "பம்பாய்ல போனோமே, அதுக்கப்புறம் ஒனக்கு எதுனா ஆச்சா?"

"ஊசி போட்டுக்கினேனே. நீ போட்டுக்கலியா?" என்றான் கிருஷ்ணப்பா. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

அதற்குப் பிறகு தணிகைவேல் செய்யவேண்டியதை எல்லாம் செய்தான். சிகரெட்டை விட்டான். முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அடுப்பிலிருந்து டெலிவரி வேனுக்கு மாறினான். ஒரு எகிப்து டாக்டரிடம் போய் மூன்று வாரம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை தின்றான். இரண்டு பேருக்கும் என்று திருப்பதி டாக்டர் சொன்னதை இரண்டு வருஷம் கழித்துத் தனியாகச் செய்து முடித்தான். தேவசேனாவுக்குக் கடிதமும் எழுதினான். முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் எழுதினான். கிழித்துப் போட்டுவிட்டு, அந்த மாசம் ஊருக்குப் போகிற ஒருவனிடம் அவளுக்குத் தங்கச் செயின் கொடுத்தனுப்பினான்.

அடுத்த இரண்டு விடுப்பிலும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் அவனிடம் நெருங்கும்போது சில சமயம் பல்லைக் கடித்துக்கொள்வாள். வலிக்கிறதா என்று அவன் கேட்பான். இல்லை என்பாள்.

*

2006-ல் முதலாளி கடையை விற்றுவிட, அவன் ஒரேயடியாக ஊர் திரும்பினான். வீட்டில் ஒரு மாற்றம் இருந்தது. சித்தூருக்கு வெளியே இருந்த மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் மூன்று சீசனாக தேவசேனா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே அவளோடு வேலை செய்கிற யசோதா என்பவளுக்கு எட்டு வருஷம் கழித்துக் குழந்தை பிறந்திருந்தது. எந்த டாக்டர் என்று விசாரித்து, சீட்டு முன்பதிவு செய்து, நாளையும் குறித்துவிட்டுத்தான் புருஷனிடம் சொன்னாள்.

"திருப்பதியில. நாகபூஷணம்னு."

"வேற நல்ல டாக்டருங்க கீறாங்க. வேலூர் போலாமே," என்றான்.

"நான் யாரையும் கேக்கறதா இல்ல மாமா. போறேன். நீங்க வந்தா வாங்க."

செங்கம்மாவும் கூட வந்தாள். ஆஸ்பத்திரி மூன்று மாடிக்கு வளர்ந்திருந்தது. கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள், ஏற்கெனவே வந்திருக்கிறீர்களா என்று. இல்லை என்றான். ஏழு வருஷம். எத்தனை ஆயிரம் பேர் வந்துபோயிருப்பார்கள்.

அவனுக்கு டெஸ்ட் எடுத்தார்கள். அவளுக்கு மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். நாலாம் நாள் ரிசல்ட். கவரை வாங்கிய நர்ஸ் வராந்தாவிலேயே பிரித்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள்: சாருக்கு எல்லாம் நார்மல், கவுண்ட்டு நல்லா இருக்கு. மேடத்துக்கு ரெண்டு பக்கமும் அடைப்பு. டாக்டர் பேசுவார்.

"ஏழு வருஷமா நான் சொல்லிக்கினு வரேன்," என்றாள் செங்கம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது உண்மையான அழுகை. பிறகு, கோவிந்தராஜ சாமியைப் பார்த்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன் என்று கிளம்பிப் போனாள்.

டாக்டருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் வைத்தார். இரண்டு பக்கமும் குழாய் நீர் கோர்த்துப் பருத்திருந்தது. "இது பழைய புண்ணு அம்மா. ஆறின பிற்பாடு தழும்பாகி மூடிக்கிச்சு. இனிமே தன்னால கரு நிக்காது. டெஸ்ட் டியூப்தான் வழி. அதுக்கும் முன்னால இந்தக் குழாய்ங்கள எடுக்கணும்."

அப்போது ஒரு பெண் உள்ளே வந்து மேசைமேல் பழுப்பேறிய அட்டை ஒன்றை வைத்தாள். பழைய ரிஜிஸ்டரை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதே பெயர், அதே ஊர் என்றாள். டாக்டர் கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.

"தொண்ணூத்தொம்பதுல வந்திருக்கியே பாபு. அப்ப உன் சாம்பிள்ல கிருமி, வெள்ளை அணு எல்லாம் நெறைய இருந்திருக்கு. இப்ப சுத்தமா கீது. நல்லது." அவர் தேவசேனா பக்கம் திரும்பினார். அவளுக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்துச் சாதாரணமாகத்தான் கேட்டார். "ரெண்டு பேருக்கும் மாத்திரை எழுதியிருக்கேனே. அம்மா, நீங்க முழுசா சாப்பிடலியா?"

தேவசேனா அட்டையைப் பார்த்தாள். அதில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவள் மெதுவாகப் படிப்பது உதட்டில் தெரிந்தது.

"எனக்கு யாரும் குடுக்கல சார்," என்றாள்.

டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு அட்டையை மூடிவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று அவளைக் கேட்டார்.

*

ஸ்டேஷனில் செங்கம்மா இன்னும் வந்து சேரவில்லை. பிளாட்பாரத்தில் சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மொட்டை போட்ட குடும்பங்கள் லட்டுப் பையோடு போய்க்கொண்டிருந்தன.

"எதுனால வந்திச்சி?"

பம்பாயைச் சொன்னான். மருந்துக் கடையைச் சொன்னான். ரயில் ஜன்னலைச் சொன்னான். சொல்லிக்கொண்டே போனான், நிறுத்தினால் அவள் பேசிவிடுவாளோ என்று பயம். கடைசியில், "நீ என்ன விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்" என்றான்.

"பம்பாய்க்குப் போனத்த நான் மன்னிச்சிருப்பேன். அப்ப நீ என் புருஷனே கெடையாது," என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒன்பது நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். பக்கத்து பெட்டுல இருந்த கெழவி என் கைய புடிச்சிக்கினு இருந்தா. நான் எதுக்குக் கெடக்கறேன்னு ஒனக்குத் தெரியும். போன்ல நல்லா கீறியான்னு கேட்டே."

அவன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான்.

"அழாத. இங்க ஜனம் பாக்குது. ஊட்டுக்குப் போயி உங்க அக்கா கிட்ட ஒன் வாயால சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லணும். அது ஒண்ணு போதும் எனக்கு."

சொல்கிறேன் என்றான். உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தான்.

வீட்டுக்குப் போனபோது சித்தப்பா அப்பாவு வந்து உட்கார்ந்திருந்தார். குப்பம் பக்கத்தில் ஒரு பெண் இருப்பதாகவும், முதல்தாரத்தை வைத்துக்கொண்டே கட்டிக்கொள்ள அந்த வீட்டில் சம்மதம் என்றும் ஆரம்பித்தார். வரச் சொன்னதே செங்கம்மாதான். தேவசேனா உள் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தணிகைவேல் நின்றபடியே சொன்னான். "சித்தப்பா, கொற அவளுக்கு இல்ல. எனக்குத்தான் வியாதி இருந்திச்சி. பம்பாய்ல தப்பான எடத்துக்குப் போயி வாங்கிக்கினு வந்தேன். என்னால அவளுக்கு ஒட்டிக்கிச்சி. டாக்டர் மாத்திரை எழுதினாரு. நான் குடுக்கல."

செங்கம்மா எழுந்து வந்து தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா சித்தப்பா, எங்க தம்பிய! பொண்டாட்டிய ஒரு சொல்லு சொல்லக்கூடாதுன்னு எல்லாப் பழியையும் தன் தலைல வாரிப் போட்டுக்கறான். டேய், உன்ன வளத்தவ நான். நீயாடா அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் போவே?"

"அக்கா, நெசமாத்தான் சொல்றேன்."

"நெசமா? அப்ப இது இன்னா?" கவரை எடுத்து அப்பாவுவிடம் நீட்டினாள். "படிச்சவங்கள வுட்டுப் படிக்கச் சொல்லு. எல்லாம் நல்லா கீதுன்னு நர்ஸ் பொண்ணு என் காது கேக்கச் சொன்னா."

அப்பாவு தலையை ஆட்டினார். "மனசு பெருசுதாம்பா ஒனக்கு. ஆனா வம்சம்னு ஒண்ணு கீதே."

டாக்டரிடம் போவோம், பழைய அட்டை இருக்கிறது, காட்டுகிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர்கள் நம்பவில்லை என்று தெரிந்த அந்தக் கணத்தில் அவன் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கி, மூச்சு நீளமாக வெளியே வந்தது. சொல்லியும் ஆயிற்று, கெட்ட பெயரும் வரவில்லை. அந்த மூச்சைத் தேவசேனா பார்த்துவிட்டாள்.

அவள் நிலையை விட்டுக் கையை எடுத்தாள். மறுநாள் காலை வேலைக்குப் போகிற பையோடு இன்னொரு பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தங்கச் செயின் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது.

*

அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. யசோதாவின் தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். ஜூன், ஜூலை சீசன் உச்சத்தில் ஒரு நாள் தணிகைவேல் ஃபேக்டரி கேட்டில் போய் நின்றான். சாப்பாட்டு மணிக்கு அவள் வந்தாள். தலையில் துணித் தொப்பி, முழங்கை வரை மஞ்சள்.

"அந்தக் குப்பம் பொண்ணு வேணான்னுட்டேன்," என்றான்.

"அத்த என் கிட்ட சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தே?"

"வந்துடு தேவசேனா. டெஸ்ட் டியூப் பண்ணிக்கலாம். தோப்ப வித்துடறேன்."

"அந்தக் குழாய ரெண்டையும் எடுக்கணும்னு சொன்னாரே டாக்டர். போன மாசம் எடுத்துட்டேன். கொழந்தைக்காக இல்ல. வலி தாங்க முடியல." அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். "யசோதாதான் கூட இருந்தா. கையெழுத்து போட புருஷன் எங்கன்னு கேட்டாங்க. குவைத்துன்னு சொன்னேன்."

மணி அடித்தது. அவள் திரும்பி நடந்தாள். அவசரமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை, வேலைக்குப் போகிறவள் போல நடந்தாள்.

அவன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் ஊரில் அவனுக்கு ஒரு பெயர் வந்தது. ஆள் என்றால் தணிகைவேல் மாதிரி இருக்க வேண்டும், பிள்ளை பெறாதவள் வீட்டை விட்டே போனபிறகும் அவளுக்குத் துரோகம் நினைக்கவில்லை என்றார்கள். பஞ்சாயத்துகளில் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் அவன் ஒரு வார்த்தை சொன்னால் கேட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுவின் பேத்தி கல்யாணம் சித்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையும் அதே ஃபேக்டரியில் வேலை செய்ததால் மாப்பிள்ளை வீட்டார் யசோதாவுக்கும் தேவசேனாவுக்கும் பத்திரிகை கொடுத்திருந்தார்கள். பந்தியில் தணிகைவேல் உட்கார்ந்த வரிசைக்கு எதிர் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பக்கத்தில் ரத்தினம்மா, அவர்கள் தெருக்காரி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"ஒனக்கு குடுத்து வெக்கல பொண்ணே. ஒனக்காக இன்னொருத்திய தொடாம ஒண்டியா கெடக்கறான். இந்தக் காலத்துல இப்பிடி ஒரு ஆம்பளைய யாரு பாத்திருக்காங்க? எல்லாக் கொறையும் ஒன் கிட்ட இருந்தும், தனக்குத்தான்னு நாலு பேர் எதிர்ல சொன்னவன்."

பந்தியில் இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். தேவசேனா இலையிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று காத்திருக்கிற பார்வை. வரிசை முழுக்க அவன் பக்கம் திரும்பியிருந்தது. இதைவிட நல்ல சமயம் அவனுக்கு இனி வராது.

அவன் வாயைத் திறந்தான். பரிமாறுகிறவர் இரண்டு வாளியோடு முன்னால் வந்து நின்றார்.

"சாம்பாரா, ரசமா?"

"ரசம்," என்றான் தணிகைவேல்.